நோயாளியே பொறுப்பாவார்

எங்கள் வைத்தியசாலை நலன்புரிச் சங்கம் ஆண்டு மலர் வெளியிடப் போகிறது. அதன் செயலாளர் நிரோஜா வீடு தேடி வந்தார். இப்போது கிளினிக் கவுண்டரில் என் கதிரையில் இருப்பவர் அவர்தான்.

"மிஸ், நீங்கள் முப்பது வருசத்துக்கு மேல அந்தக் கவுண்டரில இருந்தனீங்கள். இனிமையான நினைவுகள் எண்டு ஒரு ரெண்டு பக்கம் எழுதித் தாங்கோ" என்றார்.

தேநீரைக் குடித்து முடித்து எழும்பும்போது இன்னொரு செய்தியும் சொன்னார். கவுண்டருக்கு மேலே ஒட்டியிருந்த அறிவித்தலை யாரோ கிழித்துவிட்டார்களாம். விசாரணை நடக்கிறதாம். புதிதாக ஒன்றை அடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, ஆணி அறைந்து மாட்டியிருக்கிறார்களாம்.

எழுதித் தருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். இனிமையைப் பற்றி எழுத வேறு ஆட்கள் இருக்கிறார்கள். என்னிடம் இருப்பது கோபம். அந்தக் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருக்கிற வசனம் எனக்கு மனப்பாடம். "இணையத்தளத்தில் பிழையான தகவல்களை உட்செலுத்துவதனால் முற்பதிவு இல்லாமற் போகுமாயின் அதற்கு நோயாளியே பொறுப்பாவார்." இதை எழுதியவரின் கையெழுத்து அதில் இல்லை. பொறுப்பைப் பற்றி எழுதியவர் தன் பெயரைப் போடவில்லை என்பதை முதலில் கவனியுங்கள்.

எனக்கு வேலை கிடைத்த காலத்தில் பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில மாதம் பதிவேட்டில் கோடு போட்டேன், சில மாதம் அலுமாரியில் நோயாளரின் கிளினிக் கொப்பி தேடினேன், பிறகு ஒரு நாள் கவுண்டரில் இருத்திவிட்டார்கள். மிச்சமெல்லாம் எங்கள் தலைமை எழுதுவினைஞர் பொன்னுத்துரை அவர்களிடம் வாங்கிய ஏச்சு.

பொன்னுத்துரை சேர் சின்ன ஆள். வெள்ளை முழுக்கைச் சட்டை, பையில் இரண்டு பேனை, மழையோ வெயிலோ கையில் ஒரு குடை. கோபம் கூடக் கூட அவருடைய குரல் இறங்கும். காதுக்குக் கேட்காத அளவுக்கு இறங்கினால் அன்றைக்கு நாங்கள் தொலைந்தோம். லீவு கேட்டால் தன் சொத்தைக் கேட்டதுபோலப் பார்ப்பார். அவரை எனக்குப் பிடிக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மலரில் எழுதுகிறேன் என்பதற்காகப் பொய் எழுத முடியாது.

திங்கட்கிழமை காலையில் ஒரு மணித்தியாலம் அவர் நோயாளர் காத்திருக்கிற நீள வாங்கில் போய் இருப்பார். கையில் மடித்த பேப்பர். அதை விரித்து வாசித்ததை நான் கண்டதில்லை. கவுண்டரையே பார்த்துக்கொண்டிருப்பார். யார் எந்த யன்னலுக்குப் போய்த் திரும்பி வருகிறார்கள், யார் பக்கத்து ஆளிடம் கேட்கிறார்கள், யார் ஒன்றும் கேட்காமல் பேசாமல் எழும்பிப் போகிறார்கள் என்றெல்லாம் பார்ப்பார். பேசாமல் எழும்பிப் போகிறவர்களைத்தான் கூடக் கவனிப்பார்.

புதிதாக ஒரு படிவம் செய்தால் அதற்கு ஒரு சடங்கு உண்டு. துணுக்காயிலிருந்து வரும் முதல் பஸ்ஸில் இறங்குகிற ஐந்து பேரைக் கூப்பிட்டு வாங்கில் இருத்துவார். படிவமும் பேனையும் கொடுப்பார். அதைச் செய்த ஆள் பின்னால் நிற்க வேண்டும். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொள்ள வேண்டும். வாய் திறக்கக் கூடாது. அவர்கள் திரும்பிப் பார்த்துக் கேட்டாலும் சொல்லிக் கொடுக்கக் கூடாது. நான் ஒருமுறை தாங்கமாட்டாமல், "அதில உங்கட வயசு எழுதுங்கோ ஐயா" என்று சொல்லிவிட்டேன். பொன்னுத்துரை சேரின் குரல் கிணற்றுக்குள் போனது.

"உன்னை ஒவ்வொரு படிவத்தோடையும் சேர்த்துக் கட்டி அனுப்பேலுமே பிள்ளை? பேனை எங்கை நிக்குதெண்டு பார். அது நிக்கிற இடம் உன்ர பிழை."

ஐந்து பேருடைய பேனையும் எத்தனை இடத்தில் நின்றது என்று விரலை மடித்து எண்ணுவார். ஒரு படிவத்தை என்னைக்கொண்டு பதினொரு தரம் தட்டச்சு செய்வித்தார். பதினோராவது தரம் பேனை எங்கும் நிற்கவில்லை. நல்லது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. குடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சண்டை ஓய்ந்திருந்த காலத்தில் எங்களுக்குக் கண் கிளினிக் வந்தது. கண் டொக்டர் வெளியிலிருந்து மாதத்தில் இரண்டு வியாழக்கிழமை வருவார். அடுத்த முறை எப்போது வர வேண்டும் என்று எழுதிக் கொடுக்கிற துண்டை நான்தான் செய்தேன். கடதாசிக்குத் தட்டுப்பாடு. அதனால் ஒரு தாளில் நாலு துண்டு வருகிற மாதிரி நெருக்கி அடித்தேன். மேலே இன்றைய திகதி, கீழே அடுத்த திகதி. கண் கிளினிக் அவசரமாகத் தொடங்கியதால் துணுக்காய் பஸ்ஸுக்காகக் காத்திருக்கவில்லை. பொன்னுத்துரை சேர் அந்தக் கிழமை லீவு.

அந்த மாதத்திலேயே ஒரு வயோதிபர் பிழையான நாளில் வந்து நின்றார். ஒரு கிழமை பிந்தி வந்திருந்தார். துணுக்காயில் அவருடைய வீட்டிலிருந்து பஸ் வரும் றோட்டுக்கே ஐந்து கட்டை தூரம் சைக்கிளில் வர வேண்டும். எனக்கு அன்று என்ன வந்ததோ தெரியாது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்க, "துண்டில பெரிசா எழுதியிருக்கெல்லே? வாசிக்கத் தெரியாதே?" என்று கேட்டேன். அவர் துண்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். பேசாமல் எழும்பிப் போகிற ஆள்.

திங்கட்கிழமை இல்லாவிட்டாலும் பொன்னுத்துரை சேர் அன்று வாங்கில் இருந்திருக்கிறார். நான் காணவில்லை. அன்றைக்கு என்னை ஏசவுமில்லை. அடுத்த வியாழன் கண் கிளினிக் அறைக்குள் போய், தாதியிடம் சொல்லித் தன் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டார். கண்ணைப் பரிசோதிக்க முன்னர் கண்மணியை விரிக்க விடுகிற மருந்து அது. விட்டால் சில மணித்தியாலத்துக்குக் கிட்ட இருக்கிற எழுத்து எதுவும் தெரியாது. கண் கிளினிக்குக்கு வருகிற எல்லோருக்கும் அதை விட்டுத்தான் உள்ளே அனுப்புவார்கள். அதற்குப் பிறகுதான் அவர்கள் என் கவுண்டருக்கு வந்து துண்டு வாங்குவார்கள்.

அவரும் வரிசையில் வந்து நின்றார். முன்னுக்கு நின்றவர்கள் இடம் விட்டும் போகவில்லை. தன் முறை வந்ததும், "துண்டைத் தா பிள்ளை" என்றார். கொடுத்தேன். கண்ணுக்குக் கிட்டப் பிடித்தார், தூரப் பிடித்தார், யன்னல் வெளிச்சத்துக்குத் திருப்பினார். பிறகு அத்தனை பேருக்கும் கேட்க ஒரு திகதியை வாசித்தார். அது பிழை. இன்னொரு தரம் வாசித்தார். அதுவும் பிழை.

"எனக்கு வாசிக்கத் தெரியாதே பிள்ளை?" என்று கேட்டார். குரல் கேட்கவே இல்லை. உதட்டைப் பார்த்துத்தான் விளங்கிக்கொண்டேன்.

திரும்பிப் போகும்போது கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டார். பியோன் அவரைத் தன் சைக்கிளில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய் விட்டான். அன்று பின்னேரம் நான் அழுதேன். அடுத்த கிழமை துண்டில் ஒரு திகதிதான் இருந்தது, உள்ளங்கை அகலத்துக்கு. நான் ஏசிய அந்த வயோதிபர் பிறகு கிளினிக்குக்கு வரவேயில்லை. அவருடைய கொப்பி நெடுநாள் அலுமாரியில் கிடந்தது.

பிறகு சண்டை திரும்பத் தொடங்கி எல்லாம் குலைந்தது. வைத்தியசாலையும் இடம்பெயர்ந்தது, நாங்களும் இடம்பெயர்ந்தோம். அந்தக் கதையை எழுத இந்த மலரில் இடம் போதாது. திரும்பி வந்து கூரைத் தகரத்துக்குக் கீழே கவுண்டர் போட்டபோது எங்களிடம் பழைய படிவமும் இருந்தது, புதிய பிரச்சினையும் இருந்தது. படிவத்தில் "முகவரி" என்று ஒரு கட்டம். முகாமிலிருந்து வந்த சனத்துக்கு ஏது முகவரி? வீடு இருந்த காணிக்குள் போக விடவில்லை, நிற்கிற இடம் நிரந்தரமில்லை. ஐந்து பேருடைய பேனையும் அந்தக் கட்டத்தில் நின்றது. ஒரு பெண் பேனையைக் கீழே வைத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன்.

பொன்னுத்துரை சேருக்கு ஓய்வுபெற அப்போது சில மாதம்தான் இருந்தது. "முகவரி"யை வெட்டினார். அந்த இடத்தில் தன் கையால் எழுதினார்: "யாரிடம் சொன்னால் உங்களுக்குத் தகவல் வந்து சேரும்?"

அதன் பிறகு பேனை நிற்கவில்லை. பரந்தன் சந்தியில் இன்ன பலசரக்குக் கடை என்று எழுதினார்கள். கோயில் ஐயர் என்று எழுதினார்கள். பால் எடுக்க வருகிற தம்பி என்று எழுதினார்கள். நாங்கள் அந்தக் கடைக்கோ அந்தத் தம்பிக்கோ சொன்னோம். தகவல் போய்ச் சேர்ந்தது. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து எங்கள் சனம் பழகிக்கொண்ட வழி அது. தனக்கென்று ஒரு தொலைபேசி இலக்கம் இல்லாதவர் தெரிந்த ஒருவருடைய இலக்கத்தைக் கொடுப்பார். கொடுக்கிறவருக்கும் வெட்கமில்லை, வாங்குகிறவருக்கும் பாரமில்லை. ஒரே கடையின் பெயர் நாற்பது கொப்பியில் இருந்தது. நாற்பதாவது ஆளின் கொப்பியில் அதை எழுதியபோது முதலாவது ஆளின் கொப்பி அழிந்துபோகவில்லை.

என் கடைசி வருசத்தில் இணையத்தளம் வந்தது. கிளினிக்குக்கு வீட்டிலிருந்தே திகதி எடுக்கலாம், வரிசை இல்லை, அலைச்சல் இல்லை என்றார்கள். எனக்கும் சந்தோசமாகத்தான் இருந்தது. அதிகாலை நாலு மணிக்கு வந்து வாங்கில் கொப்பியை அடுக்கி இடம் பிடிக்கிற சனத்தை முப்பது வருசம் பார்த்தவள் நான். நான் புதுமைக்கு எதிரி என்று யாரும் எழுத வேண்டாம்.

தளத்தைச் செய்தவர்கள் எங்கள் படிவங்களின் பிரதிகளைக் கேட்டு வாங்கினார்கள். நானே எடுத்துக் கொடுத்தேன். பிறகு ஒருவரும் கவுண்டர்ப் பக்கம் வரவில்லை. ஒரு நாள் ரிபன் வெட்டி, குத்துவிளக்கு ஏற்றி, குளிரூட்டிய மண்டபத்தில் பெரிய திரையில் காட்டினார்கள். கண் கிளினிக்குக்கான இணையப் பக்கத்தில் வெள்ளைப் பின்னணியில் மெல்லிய சாம்பல் எழுத்து. கண் தெரியாதவர்களுக்கான கிளினிக்குக்குச் சாம்பல் எழுத்து! பிறந்த திகதிக்கு ஒரு நாட்காட்டி வந்தது. அது இந்த மாதத்தில் தொடங்கியது. அறுபது வயது ஆள் தான் பிறந்த வருசத்துக்குப் போக அம்புக்குறியை ஒவ்வொரு மாதமாக எழுநூறு தரத்துக்கு மேல் அமத்த வேண்டும். அதைச் செய்ய யாருக்குப் பொறுமை? சனம் அன்றைய திகதியையே அமத்திவிட்டுப் போனது. பிறகு வந்த பட்டியல்களில் எங்கள் கண் நோயாளர் பாதிப் பேர் அன்று பிறந்த குழந்தைகள்.

பொன்னுத்துரை சேரின் கேள்வியைத் தேடினேன். இல்லை. அந்த இடத்தில் "கைபேசி இலக்கம்" என்று இருந்தது. பக்கத்தில் சிவப்பு நட்சத்திரம். அதாவது நிரப்பாமல் தாண்ட முடியாது.

நான் கையை உயர்த்தினேன். "ஆரைக்கொண்டு சோதிச்சுப் பாத்தனீங்கள்?" என்று கேட்டேன்.

"நாங்கள் எல்லாரும் நல்லாச் சோதிச்சனாங்கள் மிஸ். ஒரு பிழையும் இல்லை" என்று கணினிக்காரர் சிரித்துக்கொண்டு சொன்னார்.

செய்தவர்களே சோதித்தால் பிழை எங்கிருந்து வரும்? வாங்கில் இருக்கிற ஐந்து பேரைக் கூப்பிடுங்கள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. வைத்தியசாலைக்குப் பொறுப்பான அத்தியட்சகர் மணிக்கூட்டைப் பார்த்தார். அடுத்த கிழமை எனக்குப் பிரியாவிடை. மாலையும் பரிசும் ஒழுங்கு செய்திருந்தார்கள். போகிற நேரத்தில் ஏன் மனக்கசப்பு என்று நினைத்து இடித்த புளி மாதிரி இருந்துவிட்டேன். என் கோபத்தில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

சில மாதம் கழித்து நானும் நோயாளியானேன். சீனி வருத்தம், அதாவது நீரிழிவு, எனக்கும் உண்டு. கண்ணைக் காட்டச் சொன்னார்கள். மருமகள் தன் கைபேசியில் திகதி எடுத்துத் தந்தாள். வியாழக்கிழமை காலையில் அந்த வாங்கில் போய் இருந்தேன். அறிவித்தல் அப்போது புதிதாக ஒட்டியிருந்தது.

ஒன்பது மணியளவில் தர்மபுரத்திலிருந்து ஒரு வான் வந்தது. பதினொரு நோயாளர் இறங்கினார்கள். அவர்களில் பழனியம்மாவை எனக்குத் தெரியும். மலைநாட்டுத் தோட்டத்தில் பிறந்து, சிறு வயதில் தாய் தகப்பனோடு தர்மபுரத்துக்கு வந்து குடியேறியவர். பேச்சில் அந்த "ங்க" இன்னும் போகவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிறவர். சீனி வருத்தத்தால் இடது கண் முன்னரே போய்விட்டது. வலது கண்ணின் உள்ளே இரத்தக் குழாய்கள் பழுதாகிவிட்டன, பிந்தாமல் லேசர் அடிக்க வேண்டும் என்று டொக்டர் கொப்பியில் எழுதியிருந்தார். அன்றுதான் அவருடைய லேசர் நாள்.

நிரோஜா பட்டியலைப் பார்த்தார். பதினொரு பேரில் ஒருவருடைய பெயர்தான் இருந்தது. பழனியம்மா உட்பட மற்ற பத்துப் பேரும் பதியவில்லை என்றார்.

அவர்களோடு வந்த கேதீஸ் முன்னுக்கு வந்தார். தர்மபுரத்தில் போனும் இணையமும் உள்ள கொமினிகேசன் கடை வைத்திருப்பவர். "என்ன சொல்லுறியள்? எல்லாருக்கும் நான்தான் பதிஞ்சனான். பாருங்கோ" என்று கைபேசியை நீட்டினார். பதினொரு குறுஞ்செய்தி. பதினொன்றிலும் ஒரே வசனம்: "உங்கள் முற்பதிவு உறுதிப்படுத்தப்பட்டது."

"ஆற்ற நம்பரைக் குடுத்தனீங்கள்?"

"என்ர நம்பர்தான். இவையிட்டப் போன் இல்லை. இருக்கிற போனும் வேலைக்குப் போற பிள்ளையளிட்ட. நம்பர் போடாட்டி அது விடுகுதில்லையே."

நிரோஜா மேலே இருந்த அறிவித்தலைக் கையால் காட்டினார். நோயாளியே பொறுப்பாவார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த வயோதிபரிடம் நான் கத்திய கத்துக்கு அவர் கத்தவுமில்லை.

எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஒரு இலக்கம் என்றால் ஒரு ஆள் என்று தளம் நினைத்துக்கொண்டிருக்கிறது. அதே இலக்கத்தில் இரண்டாவது பெயர் வந்தால், முதல் ஆள் தன் பதிவை மாற்றுகிறார் என்று எடுத்து முதல் பெயரை அழித்துவிடுகிறது. அழித்தேன் என்று ஒரு வார்த்தை சொல்வதில்லை. ஒவ்வொரு தரமும் உறுதி, உறுதி என்று செய்தி அனுப்புகிறது. கேதீஸ் பதினொரு பேருக்கு உதவி செய்தார். பத்துப் பேரை அழித்தார். அவருக்கும் தெரியாது, அவர்களுக்கும் தெரியாது.

லேசர் அறைக்குப் போனேன். பட்டியலில் பெயர் இல்லாமல் ஒருவரையும் எடுக்க வேண்டாம் என்று உத்தரவாம். அத்தியட்சகர் சொன்னால் எடுப்போம் என்றார்கள். அத்தியட்சகர் வார்டுக்குள் இருந்தார். பழனியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு அவருடைய அறை வாசலில் நின்றேன். மற்றவர்களும் பின்னால் வந்து நின்றார்கள். அவர் வரப் பதினொன்றரை ஆகிவிட்டது.

அவர் நல்ல மனிதர். இருந்தும் முதல் வார்த்தையாக, "ஏன் மிஸ் இவையள் தங்கட சொந்த நம்பரைக் குடுக்கேல்லை? நாங்கள் எவ்வளவு வசதி செய்து குடுத்தாலும் சனத்துக்குப் பாவிக்கத் தெரியேல்லை" என்றார்.

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம் என்று ஒரு பழமொழி இருக்கிறது. இங்கே கூடத்தைக் கோணலாகக் கட்டியவர்கள் ஆடுகிறவளைப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பொன்னுத்துரை சேரின் நினைவு வந்தது. என் குரலும் இறங்கிவிட்டது என்று, பட்டியலோடு அங்கே வந்து நின்ற நிரோஜா பிறகு சொன்னார்.

"சேர், இந்த அக்காவுக்கு நீங்களே ஒரு திகதி எடுத்துக் குடுங்கோ. இவவிட்டப் போன் இல்லை. நான் வாய் திறக்க மாட்டன்" என்றேன். பின்னால் போய் நின்று கையைக் கோத்துக்கொண்டேன்.

சிரித்துக்கொண்டுதான் கணினிக்கு முன்னால் இருந்தார். பெயரை எழுதினார். நாட்காட்டியில் அம்பை அமத்தினார், அமத்தினார், அலுத்துப்போய் அன்றைய திகதியையே போட்டார். சிவப்பு நட்சத்திரத்தில் அவருடைய கை நின்றது. வெற்றிடமாக விட்டுப் பார்த்தார். "செல்லுபடியற்ற உள்ளீடு" என்று வந்தது. சற்று யோசித்தார். பிறகு, இரக்கமுள்ள மனிதர் அல்லவா, தன் சொந்த இலக்கத்தை அடித்தார். அவருடைய கைபேசி சத்தமிட்டது. உறுதிப்படுத்தப்பட்டது.

"பாத்தியளே மிஸ், வேலை செய்யுது."

"ஓம் சேர். இந்த ஐயாவுக்கும் ஒண்டு எடுத்து விடுங்கோ" என்று தர்மபுரத்து முதியவர் ஒருவரை முன்னுக்கு விட்டேன். அவரிடமும் போன் இல்லை. அத்தியட்சகர் திரும்பவும் தன் இலக்கத்தையே அடித்தார். கைபேசி திரும்பவும் சத்தமிட்டது. உறுதிப்படுத்தப்பட்டது.

"இப்ப பழனியம்மாவின்ர பேரைத் தேடுங்கோ சேர்."

தேடினார். திரும்பத் தேடினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு தேடினார். இல்லை. தர்மபுரத்துக் கொமினிகேசன்காரர் செய்ததை, பத்து நிமிடத்துக்குள், அதே நல்ல மனசோடு, வைத்திய அத்தியட்சகரும் செய்திருந்தார்.

"நான் மேலிடத்துக்கு எழுதுறன்" என்றார். உடனே லேசர் அறைக்குத் தொலைபேசி எடுத்தார்.

டொக்டர் பட்டியலை முடித்துக்கொண்டு பன்னிரண்டு மணிக்கே போய்விட்டாராம். பின்னேரம் அவருக்கு வேறு வைத்தியசாலை. சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தேன். பன்னிரண்டு பத்து.

இதை எழுத எனக்குக் கை கூசுகிறது. அந்த நாற்பது நிமிடத்தில் நான் வாதத்தில் வென்றேன். அத்தியட்சகரைக் கணினிக்கு முன்னால் இருத்தாமல், "சேர், முதலில இந்த அக்காவை உள்ளுக்கு விடச் சொல்லுங்கோ" என்று கெஞ்சியிருந்தால் அவர் விட்டிருப்பார். பொன்னுத்துரை சேராக இருந்தால் முதலில் அதைச் செய்திருப்பாரா? தெரியவில்லை. நான் செய்யவில்லை.

பத்துப் பேருக்கும் டொக்டர் அடுத்து வருகிற வியாழனுக்கான திகதியை நிரோஜா கையால் எழுதிக் கொடுத்தார். இரண்டு கிழமை. பழனியம்மா துண்டைக் கண்ணில் ஒற்றி இடுப்பில் செருகிக்கொண்டு வானில் ஏறினார்.

ஒன்பதாம் நாள் பள்ளிக்கூடக் குசினியில் அரிசி களைந்துகொண்டிருந்தபோது கண்ணுக்குள் கறுப்பாக ஏதோ ஓடியதாம். பானைக் கரி கண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தண்ணீரால் கழுவியிருக்கிறார். கழுவக் கழுவக் கறுப்பு இறங்கியிருக்கிறது. கேதீஸ்தான் முச்சக்கர வண்டி பிடித்துக் கொண்டுவந்தார். உள்ளே இரத்தம் கசிந்துவிட்டது, இனி லேசர் அடிக்க முடியாது என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பிச் சத்திரசிகிச்சையும் செய்து பார்த்தார்கள். இப்போது வெளிச்சம் மட்டும் தெரிகிறது. ஆள் தெரியாது, அரிசியில் கல் தெரியாது. பள்ளிக்கூடத்துக்கு வேறொருவர் சமைக்கிறார்.

அத்தியட்சகர் சொன்னபடி மேலிடத்துக்கு எழுதினார். பதிலும் வந்தது. தளத்தின் அடுத்த பதிப்பில் கவனத்தில் எடுக்கப்படுமாம். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று எங்கள் சனம் சொல்வதை இவ்வளவு பொருத்தமாகச் செய்து காட்ட வேறு யாராலும் முடியாது. கவுண்டரில் ஒரு பேரேட்டுப் புத்தகம் வைத்து, போன் இல்லாதவர்களை அதில் எழுத அத்தியட்சகர் அனுமதி கொடுத்திருக்கிறார். அதற்கு நன்றி சொல்கிறேன். அறிவித்தலை எடுக்க மட்டும் அவருக்கு அதிகாரம் இல்லையாம். அது மேலிருந்து வந்ததாம்.

சென்ற மாதம் திரும்பவும் என் கிளினிக் நாள். வாங்கில் பழனியம்மா இருந்தார். குரலை வைத்து என்னைக் கண்டுபிடித்தார். பக்கத்தில் இருத்தி, மகளைப் பற்றி, மழையைப் பற்றிக் கதைத்தார். என்மீது ஒரு கோபமும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. கவுண்டருக்கு முன்னால் ஆட்கள் அண்ணாந்து நின்று ஏதோ முணுமுணுப்பது அவருக்குக் கேட்டிருக்கிறது.

"அங்க என்னங்க மிஸ் எழுதியிருக்கு? எல்லாரும் நின்னு படிச்சிட்டுப் போறாங்க?"

வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். முப்பது வருசம் கொப்பியில் இருப்பதை இருப்பதுபோல வாசித்துக் காட்டிய வாய், வாசித்துவிட்டது. பிழையான தகவல்களை உட்செலுத்துவதனால் முற்பதிவு இல்லாமற் போகுமாயின் அதற்கு நோயாளியே பொறுப்பாவார்.

பழனியம்மா வெளிச்சம் வருகிற யன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அப்ப என்மேலதாங்க தப்பு, என்ன மிஸ்? நான்தான் பாவம் அந்தக் கடைத் தம்பிக்கிட்ட ஏதோ மாத்திச் சொல்லிட்டேன் போல" என்றார்.

விசாரணை நடத்துகிறவர்கள் இனிக் கஷ்டப்பட வேண்டாம். அதே வியாழக்கிழமை, காலை பத்து மணிக்குச் சற்றுப் பின்னர், வாங்கிலிருந்து எழும்பிப் போய், அங்கே நின்ற கதிரையை இழுத்துப் போட்டு ஏறி, அந்த அறிவித்தலை இரண்டு கையாலும் கிழித்தது நான்தான். இதை நான் மலருக்கு எழுதித் தருகிறேன், ஒரு வரியும் வெட்டக் கூடாது. கீழே என் பெயரைப் போடுங்கள்: தவமணி, ஓய்வுபெற்ற முகாமைத்துவ உதவியாளர், கிளினிக் கவுண்டர். கண்ணாடிச் சட்டத்தையும் எடுக்க வருவேன். அடுத்த வியாழன் எனக்குத் திகதி இருக்கிறது.